தெரியாத விருந்தாளி

ஔரா ஆறு உறைந்து எட்டு வாரம்.
துர்க்கு நகரத்து மூன்றாம் மாடியில்
ஹில்க்கா அதே பக்கத்தை மறுபடி திறக்கிறாள்.
தீவுகளுக்குப் போகும் படகுகளின் நேரங்கள்:
நவ்வோ, கோர்ப்போ, ஊத்தோ.
ஒப்பந்தத்தின் பதினோராம் பிரிவு
பூசி மெழுகாமல் சொல்லிவிட்டது:
தரவிதிப்படி ஒரு பிழையும் இல்லையென்றால்தான் பணம்.

அவள் கண்ணுக்குப் பிழை இல்லை.
திறந்த டேக் ஒவ்வொன்றும் மூடியிருக்கிறது.
எல்லாம் சின்ன எழுத்து,
மதிப்புகள் மேற்கோளுக்குள்,
சீர் பிசகாத வெண்பா மாதிரி.
சோதிக்கும் கருவியிடம் முகவரியைக் கொடுத்தால் மட்டும்
நாற்பத்தொரு இடத்தில்
தளை தட்டுகிறது என்கிறது.

பன்னிரண்டாம் வரியில் ஃபாண்ட் டேக்.
"நான் எழுதவே இல்லையே!"
ஆளில்லாத அறையிடம் சொல்கிறாள்.
உண்மைதான்.
அவள் எழுதியதெல்லாம்
இங்கே ஓர் அட்டவணை வை என்பதுதான்.
மீதியை எழுதுவது
சர்வரில் உட்கார்ந்திருக்கும் ஃபிரேம்வொர்க்,
கையெழுத்துப் போடாத குமாஸ்தா.

கருவிக்குத்தான் கோளாறு என்றான் யார்மோ.
இரண்டு நாள் அவளும் அப்படித்தான் நம்பினாள்.
மூன்றாம் நாள்
கருவி பார்த்ததையும் தான் பார்த்ததையும்
தாளில் எடுத்து
ஒன்றின்மேல் ஒன்றாக
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

இரண்டும் ஒரே பக்கம் இல்லை.

வாசலில் அது பெயர் கேட்கிறது.
தெரிந்த பிரவுசர் என்றால்
துடைத்த தட்டில் பரிமாறுகிறது.
தெரியாத பெயர் என்றால்
பாவம், எந்தக் காலத்து ஆளோ என்று
பத்து வருஷப் பழைய தட்டை எடுக்கிறது,
ஓரம் உடைந்ததை.
கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை.
கருணை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது.

ஹில்க்கா ஒரு சின்னக் கோப்பு எழுதினாள்:
இந்தப் பெயரில் ஒருவர் வருவார்,
அவருக்கும் நல்ல தட்டு.
பிழைகள் பூஜ்யம்.
பச்சைப் பட்டை.
யார்மோ ஏலக்காய் ரொட்டி வாங்கி வந்தான்.

பஸ்ஸில் போகும்போதுதான் உறுத்தியது.
அதிகாரி வருகிற நாளில்
அவர் நடக்கும் தெருவை மட்டும் பெருக்கியிருக்கிறேன்.

நவ்வோவில் வெய்யோ என்றொருவர்.
படகு எஞ்சின்களைக் காதால் பழுது பார்ப்பவர்,
பார்வை கிடையாது.
அவருடைய பிரவுசர் எந்தப் பட்டியலிலும் இல்லாத
எழுத்து மட்டும் காட்டும் ஒன்று;
அதை ஒரு குரல் வாசித்துச் சொல்லும்.
கம்பெனிக்கு மூன்று கடிதம் போட்டிருந்தார்.
மூன்றாவது கொஞ்சம் காரம்:
"அட்டவணை, அட்டவணைக்குள் அட்டவணை,
அதற்குள் இன்னோர் அட்டவணை என்று
சொல்லிக்கொண்டே இருக்கிறது.
நேரத்துக்கு வருவதற்குள்
படகு போய்விடுகிறது."

மறுநாள் காலை
அந்த ஒற்றைப் பெயரை அழித்தாள்.
யாராக இருந்தாலும் என்று எழுதினாள்.
எழுத ஒரு வரி.
அதற்குப் பின்னால் ஆறு நாள்.
பொத்தான்கள் செத்தன.
மெனு தலைகீழாய்த் தொங்கியது.
தன் ஞாபகத்தையெல்லாம் மூட்டை கட்டி
பக்கத்தின் மடியில் ஃபிரேம்வொர்க் ஒளித்துவைக்கும்
அந்த நீளமான மறைபெட்டி
விதி சொன்ன டிவ்வுக்குள் போக மறுத்தது.
சனிக்கிழமையும் வந்தாள்.
ஹீட்டர் இல்லை, கோட்டைக் கழற்றவில்லை.
ஏழு மணிக்கு, வேறு வழியில்லாமல்,
பெட்டி உள்ளே போனது.

செவ்வாய்க்கிழமை தொலைபேசி.
"வெய்யோ பேசுகிறேன்.
இப்போது நன்றாக வாசிக்கிறது.
முதல் தடவையாக
ஊத்தோ படகு வரைக்கும் கேட்டேன்.
ஏழரைக்குக் கிளம்பும் என்கிறது."
சரிதானே என்றாள்.
"இல்லை. பனிக்காலத்தில் ஏழு பத்து.
பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு போகவேண்டுமே.
டிசம்பரிலிருந்தே தப்பாக இருந்திருக்கும் போல."

ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு
ஹில்க்கா கருவியிடம் இன்னொரு தடவை கேட்டாள்.

பிழை எதுவும் இல்லை என்றது.